அண்ணியை மிக்சியில் அரைத்தவர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்க லென்ஸ் வெட்டுகிற மனிதர், வீட்டுக்குப் போனாலாவது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மனைவியும் அப்படித்தான் நினைத்துக் கழுத்தை நீட்டினாள். பாவம், அவளுக்கு யார் சொல்வது.

கடையில் எல்லோரும் அவரை லென்ஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை இதுதான். லென்ஸ் கடைக்கு வரும்போது தட்டையான வட்டமாக வரும். வாடிக்கையாளர் எடுத்த பிரேமின் அளவை அதன்மேல் குறித்து, சாணை மெஷினில் கொடுத்து, ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து, பிரேமுக்குள் ‘டக்’கென்று உட்காரவைக்க வேண்டும். குறிக்கு உள்ளே இருப்பது லென்ஸ். வெளியே இருப்பது தூள். அது தண்ணீரோடு கலந்து வெள்ளைச் சேறாகிக் கீழே தொட்டிக்குப் போய்விடும். போனதே என்று அதற்காக யாரும் அழுததில்லை. உள்ளே இருப்பது வேண்டும், ஓரத்தில் இருப்பது வேண்டாம் என்ற இந்தக் கணக்கு அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது, வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

புதுப் பிரேம்கள் வரும்போது கம்பெனிக்காரர்கள் அவற்றில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்தி அனுப்புவார்கள். பவர் ஒன்றும் கிடையாது, வெறும் பிளாஸ்டிக். அசல் லென்ஸ் போடும்போது அதைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். லென்ஸ்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய காலண்டரில் இருந்த மயிலின்மேல் ஒன்றை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கத்தரியால் வெட்டிப் பார்த்தார். மயில் அழகான முட்டை வடிவத்தில் வந்தது. வால் மட்டும் வெளியே போய்விட்டது. மயிலுக்கு வால் ஒரு பெரிய விஷயமா என்ன? அதன் ஜோடிக்கு இன்னொன்றை வெட்டிப் பக்கத்தில் ஒட்டினார். அவ்வளவுதான், ஆள் காலி.

அதற்கப்புறம் வீட்டில் எந்தக் காகிதத்துக்கும் பாதுகாப்பு இல்லை. பஸ் டிக்கெட், சோப்பு உறை, காய்ந்த இலை, சட்டைப் பொத்தான், பரிசுப் பொட்டலத்து நாடா எல்லாம் ஆல்பத்தில் ஏறின. எந்த ஆல்பத்தின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இரண்டு முட்டைகள் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் ஒரு நாடாத் துண்டோடு, நம்மை முறைக்கும்.

“பக்கம் பக்கமா கண்ணாடி போட்டு வச்சிருக்கீங்களே, இதைக்கூடவா கடையில மறந்துட்டு வர முடியல?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அதுவரை அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆல்பத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். ஆமாம், கண்ணாடிதான். வெட்கமாகப் போயிற்று, இருந்தாலும் விடவில்லை.

அடுத்த கட்டம்தான் மோசம். வெட்டியது போக மீந்த துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல், காகிதமே செய்ய ஆரம்பித்தார். துண்டுகளை ஒரு வாளியில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். ஊறியதை மிக்சியில் போட்டுக் கூழாக அரைக்க வேண்டும். கூழைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, கொசுவலை கட்டிய மரச்சட்டத்தை அதற்குள் அமிழ்த்தி மெதுவாகத் தூக்கினால், வலையின்மேல் மெல்லிய படலமாகக் கூழ் தங்கும். அதைத் துணியில் கவிழ்த்து, நீரைப் பிழிந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிட்டால் காகிதம் தயார். வெயில் வர வேண்டிய ஜன்னல்களில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்த ஒரே பெண்மணி அந்தத் தெருவில் அவர் மனைவிதான். குளித்துவிட்டு வந்தால் முதுகில் காகிதக் கூழ். அவள் படித்துக்கொண்டிருந்த தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்த பத்திரிகையையும் அவர் ஒருமுறை ஊறப்போட்டுவிட்டார். முடிவை நீங்களே சொல்லுங்கள் என்று அவள் பிடித்த பிடியில், அந்தக் கதாநாயகியை அவரே ஒரு கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து முடித்துவைத்தார்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைக் கிண்டலடித்தார்கள். அடிக்காதவர் ஒருத்தர்தான், அண்ணி. தாயில்லாத வீட்டுக்கு அண்ணி கல்யாணமாகி வந்தபோது லென்ஸ்காரர் அரைக்கால் சட்டைப் பையன். தலைவாரிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட நடையாய் நடந்ததும் அண்ணிதான். அவர் செய்த முதல் ஆல்பத்தைக் கையில் வாங்கி, முட்டை முட்டையாக இருந்த மயில்களைப் பொறுமையாகப் பார்த்து, “உனக்குக் கை நல்லா நிக்குதுடா தம்பி” என்று சொன்னதும் அவர்தான். உலகத்தில் யார் சிரித்தாலும் லென்ஸ்காரருக்குக் கவலையில்லை. அண்ணி முகம் மட்டும் கோணக் கூடாது.

அந்த அண்ணிதான் ஒருநாள் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உங்கண்ணன் இந்த மாசம் ரிட்டயர் ஆகறார் தம்பி. வீட்டோட சின்னதா ஒரு சாப்பாடு வைக்கலாம்னு இருக்கேன். நீ அவருக்கு ஒரு ஆல்பம் பண்ணிக் குடு. நம்ம வீட்டு போட்டோ மொத்தமும் இதுலதான் இருக்கு. வேற பிரதி எதுவும் கிடையாது, பத்திரம்.”

லென்ஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் ஆல்பம் கேட்டு வந்திருக்கிறார். அதுவும் அண்ணி. “ஜமாய்ச்சுடலாம் அண்ணி” என்றார்.

பிரதி எடுத்துக்கொண்டு வெட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. பிரதியில் நிறம் வெளிறிவிடும், அண்ணி கொடுத்த வேலைக்கு அசலைத்தான் போட வேண்டும் என்று மனிதருக்கு ஒரு வீம்பு. டின்னில் இருந்த படங்களை எடுத்து, பொய் லென்ஸை நடுவில் வைத்து, கோடு போட்டு, வெட்டினார். ஒவ்வொரு படத்திலும் நடுவில் அண்ணன், பக்கத்தில் அண்ணன் மகளோ யாராவது ஒரு விருந்தாளியோ. ஓரத்தில் நின்றதெல்லாம் வாளிக்குப் போயிற்று. இந்தப் படங்களுக்குப் பிளாஸ்டிக் தோல் போட்டிருந்ததால் மிக்சியில் முழுசாக அரைபடவில்லை. கூழில் வண்ணத் துணுக்குகள் பளபளவென்று மிதந்தன. அட, பூத் தூவின மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போய், அந்தக் கூழிலேயே ஆல்பத்துக்கான பக்கங்களைச் செய்து காயவைத்து, முட்டைகளை அவற்றின்மேல் ஒட்டி, நாடா கட்டி முடித்தார். அவர் செய்ததிலேயே அழகான ஆல்பம் அதுதான் என்று நானும் சத்தியம் செய்வேன்.

விருந்துக்கு முதல் நாள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆல்பத்தைப் புரட்டினாள். பாதி வரைக்கும் போனவள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“ஏங்க, அக்கா எங்க?”

“எந்த அக்கா?”

“உங்க அண்ணிங்க. ஒரு பக்கத்துலயும் காணோமே.”

“இல்லாம எங்க போவாங்க, சரியா பாரு” என்றபடி அவரே வாங்கிப் புரட்டினார். ஒரு படத்தில் அண்ணன் தோள்மேல் நான்கு விரல்கள் இருந்தன. இன்னொன்றில் பச்சை ஸ்வெட்டரின் ஒரு முழங்கை. வேறொன்றில் ஒரு தட்டு மட்டும் காற்றில் நின்றது, அதைப் பிடித்திருந்தவர் இல்லை. எல்லாப் படத்திலும் அண்ணி ஓரத்தில் நின்றிருக்கிறார். எல்லாப் படத்திலும் அவர் அண்ணியை வெட்டியிருக்கிறார்.

“வெட்டினதெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? எடுங்க, பின்னால ஒட்டிடலாம்” என்றாள் மனைவி. அவர் ஆல்பத்தின் பக்கத்தையே விரலால் தொட்டுக் காட்டினார். மனைவி குனிந்து பார்த்தாள். பக்கத்தின் மூலையில், காகிதத்துக்குள்ளிருந்து, அண்ணியின் ஒரு கண் அவளைப் பார்த்தது.

“அடப்பாவி மனுஷா, அக்காவை அரைச்சுட்டீங்களா?”

“தெரியாம அரைச்சுட்டேன்.”

“எதுல?”

“உன் மிக்சியிலதான்.”

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நாளைக்கு அதில் எப்படி சமைப்பது என்று ஒரு கணம் அவளுக்குக் கவலை வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

சும்மா இருக்க முடியுமா? கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஆல்பத்துக்குப் போக மீந்திருந்த தாள்களில் அண்ணியைத் தேடிப் பொறுக்கினார்கள். ஈர விரலால் நெருடி எடுத்த துணுக்குகளை ஒரு அட்டையில் சேர்த்து ஒட்டினார்கள். வலது கண் இளவயதில் எடுத்த படத்திலிருந்து வந்தது, இடது கண் போன வருஷத்துப் படத்திலிருந்து. மூக்கு கிடைக்கவே இல்லை. கிடைத்த காது, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததில் நாற்காலிக் கைப்பிடி என்று தெரிந்தது. ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தார்கள்.

“இதை அக்காகிட்ட காட்டினா நம்ம உறவே அத்தோட முடிஞ்சுது. பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. ஆல்பத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

அப்படியே முடிவாயிற்று. மறுநாள் விருந்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நேராக அடுப்படிக்குள் நுழைந்தார் லென்ஸ்காரர்.

“அண்ணி, உங்ககிட்ட ஒரு விஷயம்.”

“வந்துட்டியா, நல்லதாப் போச்சு. இந்த வெங்காயத்தை உரி” என்றார் அண்ணி.

உரித்தார். “அண்ணி, அந்த ஆல்பம் இருக்கில்ல...”

“அந்தப் பாத்திரத்தை இறக்கி வை, கை சுடாம.”

இறக்கிவைத்தார். “அண்ணி, நான் ஒரு பெரிய தப்பு...”

“தண்ணி வருதா பாரு தம்பி, நின்னுடப்போகுது.”

தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் கூடத்தில் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். அண்ணன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். மீட்டர் முள் மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று ஊரெல்லாம் பேர். அவருக்கு ஒரு பக்கம் மகள், மறு பக்கம் அவரோடு வேலை பார்த்த ஒரு நண்பர். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு ஆல்பத்தைப் பார்த்தார்கள். லென்ஸ்காரர் வாசல்படியில் நின்று, பேயறைந்தது போல, அண்ணனின் கண் போகிற இடத்தையே பார்த்தார். இதோ கண்டுபிடிக்கப் போகிறார். இந்தப் பக்கத்தில். இல்லை, அடுத்த பக்கத்தில்.

அண்ணன் கடைசிப் பக்கம் வரை போய் ஆல்பத்தை மூடினார். கண் கலங்கியிருந்தது.

“அசத்திட்டடா. என் வாழ்க்கையே இதுல இருக்கு.”

லென்ஸ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தார், பொய் சொல்வானேன். அப்புறம்தான் அடுப்படி வாசலில் கரண்டியோடு அண்ணி நிற்பது தெரிந்தது.

“எல்லாரும் இருக்காங்களா அதுல?” என்று கேட்டார் அண்ணி.

“எல்லாரும் இருக்காங்க. ஒரு ஆள் விடல” என்றார் அண்ணன்.

அண்ணி கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவசரமே இல்லை. முடித்ததும் அண்ணனைப் பார்த்து, “நான் எங்கங்க?” என்றார்.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். “நீயா... நீதான் போட்டோ எடுத்திருப்ப.”

“நம்ம வீட்டுல கேமராவே கிடையாது. அத்தனையும் ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்தது.”

“அப்போ, அன்னைக்கு நீ ஊர்ல இல்லாம இருந்திருப்ப.”

“நம்ம பொண்ணோட முதல் பிறந்தநாளன்னைக்கா?”

நண்பர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். தெருவில் ஒன்றும் இல்லை. லென்ஸ்காரர் அண்ணனைப் பார்த்தார். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் பழி முழுக்க அண்ணன் தலையில் இறங்கும், தான் தப்பிக்கலாம். அண்ணி முகம் கோணிக்கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

“அண்ணி, அவரை விடுங்க. வெட்டினது நான். நீங்க எல்லாத்துலயும் இருந்தீங்க. ஓரத்துல நின்னீங்க. எனக்கு ஓரத்தைக் கண்டா கை சும்மா இருக்காது, வெட்டிட்டேன்” என்றார்.

“வெட்டினதைக் குடு, பரவாயில்ல.”

“அதை... அரைச்சுட்டேன் அண்ணி. நீங்க திருப்பினீங்களே பக்கம், அந்தக் காகிதமே நீங்கதான்.” சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. “என்னை நாலு அறை வேணா அறைஞ்சுடுங்க.”

அண்ணி ஒரு பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காகிதத்துக்குள்ளிருந்து அவரை அவரே பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பார்வை மெல்லத் திரும்பி அண்ணன்மேல் வந்து நின்றது.

“அவன் அறியாம வெட்டிட்டான், சொல்லி அழறான். நீங்க முழுசாப் பாத்துட்டு ஒரு ஆள் விடலன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? தம்பி, பூதக்கண்ணாடி ஏதாவது வச்சிருக்கியா? உங்கண்ணன் கையில குடு. என்னைக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம்தான் இந்த வீட்டுல சாப்பாடு.”

சொன்னதோடு நிற்காமல் அடுப்பையும் அணைத்தார். லென்ஸ்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பூதக்கண்ணாடியை அண்ணன் மறுபேச்சு இல்லாமல் கண்ணில் வைத்துக் குனிந்தார். வேலையை விட்ட மறுநாளே இப்படி ஒரு வேலை.

“இது உன் காதா?”

“நாற்காலி.”

“இந்தப் பச்சை உன் ஸ்வெட்டர்தானே? நான் வாங்கிக் குடுத்தது.”

“ஜன்னல் திரை. அதுவும் நான் வாங்கினது.”

“இது நிச்சயம் உன் கன்னம்.”

“உங்க வழுக்கை.”

மகள் சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டாள். லென்ஸ்காரர் ரகசியமாகக் கண்ணால் ஜாடை காட்டப் பார்த்தார். “நீ அந்தப் பக்கம் திரும்புடா” என்று அண்ணி அதட்டினார். சாப்பாட்டு வாசனை கூடம் முழுக்க வந்தது, நண்பரின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உருண்டது. அண்ணன் சளைக்காமல் பக்கம் பக்கமாகத் தேடினார். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் ஒரு துணுக்கின்மேல் கண்ணாடியை நிறுத்தினார். மங்கலான ஏதோ ஒன்று. மற்றவர்களுக்கு அது இன்னதென்றே விளங்கவில்லை.

“இது உன் முன்தலை முடி. ஈரமா நெத்தியில ஒட்டியிருக்கு. போட்டோ எடுக்கணும்னு கூப்பிட்டதும் அடுப்புகிட்டருந்து ஓடி வருவ, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வேர்த்து ஒட்டியிருக்கும்.” அண்ணன் கண்ணாடியைக் கீழே வைத்தார். “அதனாலதான் எல்லாத்துலயும் ஓரத்துல நின்னிருக்க. கடைசியா வருவ. நாங்க யாரும் நகர்ந்து இடம் விட்டதில்ல.”

அண்ணி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பாடு கிடைத்தது. அண்ணனுக்கு மட்டும் முதல் கரண்டி கொஞ்சம் வேகமாக விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும், புதுசாக ஒரு படம் எடுத்தே தீர வேண்டும், இந்தத் தடவை அண்ணிதான் நடுவில் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். நண்பர் போனைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றார். எல்லோரும் வரிசையாக நின்று, நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டார்கள். இடம் இருந்தது, அண்ணியைத்தான் காணோம். பால் பொங்கிவிடும் என்று உள்ளே போயிருந்தார். “எடுக்கப் போறேன்” என்று நண்பர் குரல் கொடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தவர், நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. பழக்கம், நேரே வந்து ஓரத்தில் நின்றுகொண்டார்.

லென்ஸ்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் தன் இடத்தை விட்டு நகர்ந்து, எல்லோருக்கும் முன்னால் குறுக்கே நடந்து, அண்ணியைத் தாண்டிப்போய் அவருக்கு அந்தப் பக்கத்தில் நின்றார்.

“அண்ணே, ஓரத்துல நிக்கறீங்க” என்றார் லென்ஸ்காரர்.

“தெரியுது” என்றார் அண்ணன். “வெட்டறதா இருந்தா இனிமே என்னை வெட்டு.”

நண்பர் படத்தை எடுத்தார். அவருக்கும் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. அதில் அண்ணன் பாதிதான் வந்திருந்தார்.